சொத்து எண் 4417, கீழ்த்தாடை

வரைவாளரின் வாய்க்குள் வாரியத்துக்குச் சொந்தமான பொருள் ஒன்று இருந்தது. அது ஒரு தங்க உறை. கீழ்த்தாடையில், கடைவாய்ப் பல் ஒன்றின் மேல் தொப்பி போட்டதுபோல உட்கார்ந்திருந்தது. அவர் கொட்டாவி விட்டால் மட்டும் வெளியே தெரியும். அலுவலகத்தில் அவர் அதிகம் கொட்டாவி விட்டதில்லை.

குடிநீர் வாரியத்தில் அவருக்கு வேலை, மண்ணுக்கடியில் போகும் குழாய்களைத் தாளில் வரைவது. ஏழு வருடங்களுக்கு முன், வரைந்த குழாய் வரைந்த இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்க்கப் போனபோது, வால்வு திருகும் இரும்புக் கம்பி நழுவித் தாடையில் அடித்தது. பல் பாதியாக உடைந்தது. பணி நேரத்தில் உடைந்த பல் என்பதால் வாரியமே சரிசெய்து கொடுத்தது. அனுமதிக்கப்பட்ட பொருள்களின் பட்டியலில் பல் உறைக்கு ஒரே ஒரு வகைதான் இருந்தது: தங்கம். பட்டியல் போட்ட காலத்தில் வேறு எதையும் யாரும் யோசிக்கவில்லை. அதைத் திருத்த நான்கு பேர் கொண்ட குழு அமைத்திருந்தார்கள். மூன்று பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். நான்காமவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை.

தங்கம் என்றதும் கிடங்குக்காரர் பதிவேட்டோடு வந்தார். வாரியத்தின் எந்தப் பொருளிலும் எண் இருக்க வேண்டும் என்பது விதி. நாற்காலியில் வெள்ளைப் பெயின்டால் எழுதுவார்கள். பல்லில் பெயின்ட் நிற்காது என்று மருத்துவர் சொன்னதால் 4417 என்று உறையின் பக்கவாட்டில் பொறித்தார்கள். அடுத்து எடை. உறை முந்தின நாளே பல்லோடு ஒட்டப்பட்டுவிட்டது. கிடங்கில் இருந்த தராசு ஒன்றே ஒன்று, சிமெண்டு மூட்டை நிறுப்பது.

"செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்கண்ணே," என்றார் கிடங்குக்காரர். "செருப்பு நம்ம சொத்து இல்ல."

பதிவேட்டில் எடைக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. கிடங்குக்காரர் எழுதினார். பொருள்: தங்கம். எண்ணிக்கை: ஒன்று. எடை: 68 கிலோ 400 கிராம். இருப்பிடம்: வாய். நிலை: நன்று. பொறுப்பாளர் என்ற இடத்தில் வரைவாளர் கையெழுத்துப் போட்டார். அப்போது பல் வலிக்கவில்லை என்பதால் எதையும் படித்துப் பார்க்கவில்லை.

ஏழு வருடம் கழித்து வலி வந்தது. முதலில் தண்ணீர் குடித்தால் வலித்தது. பிறகு குடிக்காவிட்டாலும் வலித்தது. சாப்பாடு பாதியானது, பிறகு அதிலும் பாதியானது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டு இறுக்கிக்கொண்டார். கடைசியில் வாரிய மருத்துவமனைக்குப் போனார்.

பல் மருத்துவர் அவர் வாய்க்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே எடுத்தார்.

"உறைக்கு அடியில பல்லு அழுகிப்போச்சு. உறையை வெட்டி எடுத்துட்டுப் பிடுங்கணும். அரை மணி நேர வேலை."

"பிடுங்கிடுங்க மேடம்."

"நம்பர் போட்டிருக்கே. நான் எப்படிக் கை வைக்கறது? இது இனிமே வாரியச் சொத்து இல்லன்னு சொத்துப் பிரிவுல கழிப்புச் சான்று வாங்கிட்டு வாங்க. சீக்கிரம் வாங்குங்க. ரெண்டு மாசம் போச்சுன்னா சீழ் தாடை எலும்புக்கு இறங்கிடும். அப்புறம் பல்லோட நிக்காது."

"அதுவரைக்கும் வலிக்குமே."

"மரத்துப்போக ஊசி போடறேன். மூணு மணி நேரம் தாங்கும். தினம் வாங்க."

அன்றைக்கு அவர் பாதி முகத்தோடு வீட்டுக்குப் போனார். மறு பாதி இருந்தது, ஆனால் அவருடையதாக இல்லை.

"வெளியில ஒரு டாக்டர்கிட்ட காட்டினா முடிஞ்சுபோச்சு," என்றாள் மனைவி. "உங்க வாரியத்தை விட்டா ஊர்ல வேற டாக்டரே இல்லையா?"

போனார்கள். வெளி மருத்துவர் வாயைத் திறக்கச் சொன்னார். 4417-ஐப் பார்த்தார். பிறகு வரைவாளரின் தாடையைத் தன் இரண்டு கைகளாலும் மெதுவாகத் தள்ளி மூடினார்.

"நான் எதையும் பார்க்கல," என்றார்.

*

சொத்து அதிகாரியின் அறையில் எல்லாவற்றிலும் எண் இருந்தது. மேசையில், மணியில், குப்பைக்கூடையில், சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியில். அவர் மூக்குக் கண்ணாடியின் காதுக் கம்பியில் மட்டும் 'சொந்தம்' என்று சின்னத் தாள் ஒட்டியிருந்தது. மனுவை அவர் இரண்டு முறை படித்தார்.

"பாருங்க, நான் உங்க வலிக்கு எதிரி இல்ல. வலி உங்களோடது. அதுல வாரியம் தலையிடாது. உறை எங்களோடது. அதுல நீங்க தலையிடக் கூடாது. இவ்வளவுதான் விஷயம்."

"கழிச்சுக் கொடுத்தீங்கன்னா பிடுங்கிடுவாங்க சார்."

"கழிக்கலாம். அதுக்குக் கழிவு மதிப்பு தெரியணும்."

"அது எப்படித் தெரியும்?"

"எவ்வளவு தங்கம் இருக்குன்னு சோதிச்சாத் தெரியும்."

"எப்படிச் சோதிப்பாங்க?"

"கழட்டித்தான்."

"அப்ப கழட்டலாமா சார்?"

"கழிச்சப்புறம்."

வரைவாளருக்கு ஊசி போட்ட பக்கம் உதடு தொங்கியது.

"சார், இது சுத்திச் சுத்தி அங்கயேதான் வருது."

"எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருஷமா நான் இதுக்குள்ளதான் இருக்கேன்," என்றார் அதிகாரி, கோபமில்லாமல். "என் காலத்துல ஒரு தப்புகூட நடந்ததில்லை. ஏன்னு சொல்லுங்க? ஒண்ணுமே நடந்ததில்லை. அதுக்காக ரெண்டு தடவை பாராட்டுக் கடிதம் வாங்கியிருக்கேன்."

ஆனால் அவர் மனிதாபிமானம் இல்லாதவர் அல்ல. பதினோரு நாள் விதிகளைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். நகர்த்த முடியாத பொருளைச் சோதகர் அது இருக்கும் இடத்துக்கே போய்ச் சோதிக்கலாம். நீரேற்று எந்திரங்களுக்காக எழுதப்பட்ட விதி அது. வாய்க்குப் பொருந்தாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

பழைய நகை வாங்கி உருக்கும் ஒரு அம்மாவை வரவழைத்தார்கள். அறுபது வயதிருக்கும். உரைகல்லும் ஒரு சின்னப் புட்டி அமிலமும் கொண்டு வந்திருந்தார். வரைவாளரை ஜன்னலோரம் உட்கார வைத்தார்.

"நல்லா அகலமாத் திற தம்பி. நான் கடிக்க மாட்டேன். நீயும் கடிக்காத."

கல்லின் முனையை உறையில் இரண்டு முறை இழுத்தார். வெளியே எடுத்து, கோட்டின் மேல் ஒரு சொட்டு விட்டு, நிறம் மாறுவதைப் பார்த்தார்.

"பதினாறு காரட்டு சார்."

"இருபத்தி நாலு இல்லையா?"

"சுத்தத் தங்கத்துல பண்ணா நாலு நாள்ல தகடா நசுங்கிடும். செம்பு, வெள்ளி, பல்லேடியம் எல்லாம் கலந்தாத்தான் கடி தாங்கும். பல்லுக்கு வர்றது எல்லாமே இப்படித்தான். பத்து காரட்டுலகூட நான் வாங்கியிருக்கேன்."

"பதிவேட்டுல தங்கம்னு மட்டும்தான் இருக்கு. கலப்புன்னு இல்ல."

"பதிவேட்டை உரைச்சுப் பார்த்தீங்களா சார்?"

அதிகாரி அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வரைவாளர் பக்கம் திரும்பினார்.

"மீதி எட்டு காரட் எங்க?"

அதிகாரி ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். ஏழு வருடம், நாளுக்கு மூன்று வேளை, ஏழாயிரத்து அறுநூற்று அறுபத்தைந்து சாப்பாடு. ஒரு சாப்பாட்டுக்குக் காரட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு தேய்ந்திருக்கிறது. 'உணவு உட்கொள்ளும்போது பொறுப்பாளர் வாரியச் சொத்தைக் கவனமின்றிப் பயன்படுத்தியுள்ளார்' என்று குறிப்பு எழுதினார். எழுதி முடித்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எட்டு காரட் எங்கே போனது என்று அவருக்கு உண்மையிலேயே கவலையாக இருந்திருக்கிறது.

"எடை எவ்வளவு இருக்கும்னு சொல்லுங்கம்மா."

"ரெண்டரை கிராம் இருக்கும். உள்ள ஒட்டியிருக்கற பசை, பல்லுத் தூள் எல்லாம் போனா ரெண்டே கால். உருக்கிச் சுத்தம் பண்ணா ஒன்னரை கிராம் தங்கம் நிக்கும். அவ்வளவுதான் சார் இது."

"ரெண்டரை கிராம்ங்கறது உங்க கருத்தும்மா," என்றார் அதிகாரி. "அறுபத்தெட்டு கிலோ நானூறுங்கறது பதிவு."

அந்த அம்மா வரைவாளரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்தார். புரிந்துகொண்டார். உரைகல்லைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

வரைவாளரைக் கிடங்குக்கு அழைத்துப் போனார்கள். தராசு ஐம்பத்தொன்பது கிலோ நூறு காட்டியது. கிடங்குக்காரர் முள்ளைத் தட்டிப் பார்த்தார். தராசைச் சுற்றி வந்தார். தரையில் குனிந்து தேடினார்.

"அண்ணே," என்றார், குரல் இறங்கி, "ஒன்பது கிலோ முந்நூறு குறையுதண்ணே."

*

மெமோ மறுநாள் வீட்டுக்கே வந்தது. மனைவி உரக்கப் படித்தாள். 'தங்களின் பொறுப்பிலும் வாயிலும் இருந்த வாரியச் சொத்தில் 9.300 கிலோ பதினாறு காரட் தங்கம் குறைந்தது எவ்வாறு என்று ஏழு நாள்களுக்குள் விளக்கம் அளிக்கவும். தவறினால் பணிநீக்கமும் குற்ற வழக்கும் தொடரும்.'

அவள் தாளை மடித்தாள்.

"ஏங்க, ஒன்பது கிலோவை எங்க வச்சிருக்கீங்க? இருபத்தி மூணு வருஷத்துல எனக்கு ஒரு தோடுகூட மாத்தித் தரல."

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அவர் சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கம் எழுதினார்: அது தங்கத்தின் எடை அல்ல, என் எடை, பல்வலியால் நான் இளைத்துவிட்டேன். அதிகாரி படித்துவிட்டு அனுதாபத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

"இதை நான் ஏத்துக்கிட்டா, ஏழு வருஷமா பதிவேடு தப்புன்னு ஆகும். ஏழு வருஷமும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது யாரு? நான். உங்க ஒரு பல்லுக்காக ஏழு கையெழுத்தைப் பிடுங்கச் சொல்றீங்களா?"

"அப்ப நான் என்ன சார் பண்றது?"

"குறைஞ்சதை ஈடுகட்டலாம். விதி இருக்கு. பணமா வேண்டாம், பொருளாவே கட்டலாம்." அவர் மேசைக்கு மேலாக எட்டி வரைவாளரின் வயிற்றைப் பார்த்தார். "நாப்பது நாள் தரேன். நல்லா சாப்பிடுங்க."

வரைவாளர் ஈடுகட்டத் தொடங்கினார். காலையில் ஊசி, பிறகு சாப்பாடு. மதியம் ஊசி, சாப்பாடு. இரவுக்கு மருத்துவர் ஒரு களிம்பு கொடுத்தார். பால், வாழைப்பழம், முட்டை, மசித்த உருளைக்கிழங்கு, வெண்ணெய். எதற்கும் ருசி தெரியவில்லை, சூடும் தெரியவில்லை. மெல்லுவது உணவையா கன்னத்தையா என்றும் தெரியவில்லை. மனைவி எதிரே உட்கார்ந்து காவல் இருந்தாள்.

"நிறுத்துங்க, ரத்தம் வருது."

"யாரோடது?" என்று கேட்டார் அவர்.

கேட்டுவிட்டுத் தொடர்ந்து மென்றார். அவள் எழுந்து போய்ச் சமையலறையில் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். பிறகு இன்னொரு தம்ளர் பாலோடு வந்தாள்.

தாடையின் ஓரத்தில் ஒரு வீக்கம் எழுந்தது. அதுவும் எடையில் சேரும் என்று கிடங்குக்காரர் ஆறுதல் சொன்னார். நல்ல மனிதர். மதிய உணவில் தன் முட்டையை அவர் தட்டில் வைத்துவிட்டுப் போவார்.

நாற்பதாம் நாள் காலையில் வரைவாளர் இரண்டு லிட்டர் தண்ணீர் குடித்தார். எதற்கும் இருக்கட்டும் என்று மனைவி இன்னொரு சொம்பு நீட்டினாள். அதையும் குடித்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறினார்.

அறுபத்தெட்டு கிலோ எழுநூறு.

கிடங்குக்காரர் முகம் வாடிப்போனது. "அந்தச் சொம்பைக் குடிக்காம இருந்திருக்கலாமே அண்ணே. முந்நூறு கூடிப்போச்சே."

ஆனால் அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவர் எழுந்து நின்று அங்கே யாரும் பார்த்ததில்லை.

"உபரி," என்றார். "குறைவா இருந்தா விசாரணை. சரியா இருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. உபரியா இருந்தா ஏலம் விடலாம். கழிக்கவே தேவையில்லை. முதல்லயே இவ்வளவு சாப்பிட்டிருந்தா இந்நேரம் உங்க பல்லு வெளியில வந்திருக்கும். உங்க மேலதான் தப்பு."

*

ஏல அறிவிப்பு செய்தித்தாளில் வந்தது. தங்கம், பதினாறு காரட், 68 கிலோ 700 கிராம், ஒரே உருப்படி. உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில். பார்வை நேரம் காலை பத்து முதல் ஒன்று வரை.

வாசலில் வண்டிகள் வந்து நின்றன. இரண்டு பேர் துப்பாக்கிக் காவலோடு வந்திருந்தார்கள். வரைவாளர் தாழ்வாரத்தில் ஒரு முக்காலியில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் 'தொடக் கூடாது' என்று ஒரு அட்டை குத்தியிருந்தார்கள். வந்தவர்கள் வரிசையில் நின்று, குனிந்து பார்த்து, நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தார்கள்.

"மீதி எங்க?" என்று கேட்டார் ஒருவர்.

கிடங்குக்காரர் வரைவாளரின் தலையிலிருந்து கால்வரை கையைக் காட்டினார். "எல்லாம் சேர்த்துத்தாங்க."

"இவரையும் சேர்த்தா ஏலம்?"

"உள்ளது உள்ளபடி."

அவர் யோசித்தார். "இவருக்கு என்ன வேலை தெரியும்?"

"குழாய் வரைவார்."

"எனக்குக் குழாய் இல்ல," என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

பன்னிரண்டு மணிக்குள் வண்டிகள் எல்லாம் போய்விட்டன. உருக்கும் அம்மா மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஏலம் தொடங்கியதும் கையைத் தூக்கினார்.

"ஒன்னரை கிராமுக்கு என்ன விலையோ அது. உருக்குக் கூலி கழிச்சுக்குவேன்."

அதிகாரி மூன்று முறை கூவினார். வேறு குரல் வரவில்லை. சுத்தியலைத் தட்டினார். அறுபத்தெட்டு கிலோ எழுநூறு கிராம் தங்கம் ஒன்றரை கிராம் விலைக்குப் போனதைக் கோப்பு எந்த மறுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. அது முறைப்படி போயிருந்தது.

*

அன்று மதியமே மருத்துவர் ஊசி போட்டார். வரைவாளர் மேலே விளக்கைப் பார்த்தபடி படுத்திருந்தார். உறை வெட்டுப்படும் சத்தம் கேட்டது. பிறகு பல் அசையும் சத்தம், ஈர மண்ணிலிருந்து முளைக்குச்சியைப் பிடுங்குவதுபோல. யாருக்கோ நடப்பதுபோல் இருந்தது. இரண்டு துண்டாக வந்த உறையை உருக்கும் அம்மா கைத்தராசில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு கிராம் நாப்பது. நான் சொன்னேன்ல." தாளில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "இனிமே நிம்மதியாச் சாப்பிடு தம்பி. பிடிச்சதைச் சாப்பிடு."

மருத்துவர் குழியில் பஞ்சை அழுத்தினார். "அரை மணி நேரம் கடிச்சுக்கிட்டே இருக்கணும். பேசக் கூடாது. நல்லவேளை, எலும்பு தப்பிச்சுது."

வரைவாளர் பஞ்சைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். வெளியே காத்திருந்த மனைவி உள்ளே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது சொத்து அதிகாரி ஒரு கோப்போடு வந்தார்.

"4417 முடிஞ்சுது. வாழ்த்துகள். ஆனா ஒரு சின்ன விஷயம். இருப்பிடம் காலியா இருக்கு. காலின்னு காட்டினா அடுத்த வருஷம் ஒதுக்கீட்டையே எடுத்துடுவாங்க. ஒருதரம் போனா திரும்ப வராது." அவர் மருத்துவரைப் பார்த்தார். "பக்கத்துப் பல்லு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. ஒரு குறையும் இல்ல."

"நல்ல பல்லாத்தான் வேணும். போன தடவை உடைஞ்ச பல்லு மேல போட்டதுதான் தப்பாப்போச்சு. அரைச்சு அதுமேல உறை போடலாமா?"

"பட்டியல்ல இருக்கு. போடலாம்."

"பொறுப்பாளருக்கு ஆட்சேபணை உண்டா?" என்று அதிகாரி கோப்பைப் பார்த்துக் கேட்டார்.

வரைவாளர் தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

"தலையாட்டினா எழுத முடியாதுங்க. வாயால சொல்லணும்."

"அவரால பேச முடியாது சார்," என்றாள் மனைவி. "நான் சொல்றேன். வேண்டாம்."

"நீங்க பொறுப்பாளர் இல்லையேம்மா."

வரைவாளர் காற்றில் எழுதிக் காட்டினார், பேனா கேட்டார்.

"எழுத்துல கொடுக்கறதுன்னா முப்பது நாள் முன்னாடியே கொடுத்திருக்கணும். ரெண்டாவது தடவை கேக்கறேன். ஆட்சேபணை உண்டா?"

வரைவாளர் வாயைத் திறந்தார். பஞ்சு மடியில் விழுந்தது. நாக்கு எங்கே இருக்கிறது என்று தேடினார். கிடைக்கவில்லை. எச்சிலும் ரத்தமும் தாடையில் வழிந்தன. மனைவி முந்தானையால் துடைத்தாள்.

"மூணாவது தடவை."

மூன்றாவது தடவையும் ஒரு சத்தம்தான் வந்தது. 'ஆட்சேபணை இல்லை' என்று அதிகாரி எழுதி, தேதி போட்டார்.

"அடுத்த வாரம் வரச் சொல்லட்டுமா?" என்று மருத்துவரிடம் கேட்டார்.

மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்பவே மரத்துத்தானே இருக்கு. இன்னொரு ஊசி எதுக்கு வீணா? நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா."

மனைவியின் கை மெதுவாக விலக்கப்பட்டது. நாற்காலி பின்னால் சாய்ந்தது. விளக்கு மறுபடியும் முகத்துக்கு நேரே வந்தது. வரைவாளருக்கு ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. நல்ல பல் அரைபடும் சத்தம், சற்று முன் கேட்ட எல்லாச் சத்தத்தையும்விட உரக்க இருந்தது.